மூணாறு உறைபனியிலிருந்து நார்வே வெண்பனிக்கு: ஸ்கீயில் போய்ப் படமெடுக்க ஆலோசனை வேண்டும்

செண்டுவாரைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூணாறுக்கு மேலே, செண்டுவாரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். மார்கழியிலும் தையிலும், வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில், மலைச்சரிவின் குளிர்காற்று மெல்ல இறங்கிப் பள்ளத்துப் புல்வெளிகளில் தேங்கிவிடும். விடியும்போது புல்நுனி, வேலிக்கம்பி, ஜீப்பின் கூரை என எல்லாவற்றிலும் உறைபனி படிந்திருக்கும். சில ஆண்டுகளாக அதையே விரும்பிப் படமெடுத்து வருகிறேன். உறைபனி கடுமையாக விழுந்தால் கொழுந்து கருகி எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலை குறையும் என்பதையும் பார்த்து வளர்ந்தவன். ஆகவே அதன் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

வருகிற பிப்ரவரி நடுவில் நார்வே செல்லும் வாய்ப்பு அமைந்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், லில்லஹாமர் நகருக்கு மேலே, ஷூஷோயன் பகுதியில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். அங்குள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே கிராஸ் கன்ட்ரி ஸ்கீயை (பனிமேல் வழுக்கிப் போகக் காலில் மாட்டும் நீண்ட பலகைகளை) மாட்டிக்கொண்டு காடு, ஏரி, மலைமேடு என்று நாள் முழுவதும் போய்வருவார்களாம். நானும் அப்படிப் போய், பனி மூடிய பண்ணைகளையும் காட்டையும் படமெடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் ஸ்கீயை இதுவரை கையால் தொட்டதுகூட இல்லை.

உறைபனியில் கிடைத்த பழக்கம் அங்கே எந்த அளவுக்கு உதவும், எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ஸ்கீ பழகுவதும் படமெடுப்பதும் ஒரே பயணத்தில் கைகூடுமா என்பதும் தெரியவில்லை. என்னிடம் ஒரு ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமராவும், 16-50, 70-300 மி.மீ. ஆகிய இரண்டு லென்ஸ்களும், ஓர் அலுமினிய டிரைபாடும் இருக்கின்றன. குளிர் மைனஸ் 15 டிகிரி வரை போகலாம் என்கிறார் அண்ணன். எங்கள் ஊரில் மைனஸ் ஒன்று, இரண்டு டிகிரிக்கே கை விறைத்துப்போகும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா எழுதியது:

தம்பி, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, இப்போது பின்லாந்தின் ஔலு நகரில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இங்கே பள்ளிப் பிள்ளைகளும் ஸ்கீயில் போவார்கள். நானும் இங்கு வந்தபிறகே பழகினேன். உங்கள் கேள்வியில் படமெடுக்கும் பகுதிக்கு என்னால் விரிவாகப் பதில் சொல்ல முடியும்.

உறைபனியும் வெண்பனியும் படத்தில் நேரெதிரான வேலையைச் செய்கின்றன. உறைபனி ஒவ்வொரு புல்லுக்கும் இலைக்கும் வெள்ளைக் கரை கட்டி, நாம் கவனிக்காத விளிம்புகளையெல்லாம் எடுத்துக் காட்டும். வானிலிருந்து பொழிந்து குவியும் வெண்பனியோ விளிம்புகளை மூடிவிடும். வரப்பு, பாதை, பாறை, வேலியின் கீழ்ப்பாதி ஆகிய எல்லாம் மறைந்து, ஒரு களஞ்சியம், இரண்டு மரம், அவற்றின் நிழல் ஆகியவை மட்டுமே மிஞ்சும். குனிந்து அருகில் தேடிப் பழகிய கண்ணுக்கு முதல் சில நாள்கள் படமெடுக்க ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். அப்போது 70-300 லென்ஸை மாட்டிக்கொண்டு, பனி எதை மூடாமல் விட்டிருக்கிறது என்று தூரத்தில் தேடுங்கள். நான் இங்கு வந்தபின் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் மதிப்பது இந்தப் பார்வை மாற்றத்தைத்தான்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில், உங்கள் கணக்கு மாற வேண்டும். கேமராவின் மீட்டர் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே அளக்கிறது. ஆகவே படச்சட்டம் முழுவதும் பனியாக இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். மூணாறில் உறைபனிக்கு நடுவே பச்சையும் மண்ணும் தெரிவதால் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) கூட்டினாலே போதுமானதாக இருந்திருக்கும். இங்கே வெயிலடிக்கும் பனிவெளிக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருக்கும். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆனால் வலச்சுவரில் முட்டக்கூடாது. முட்டினால் பனியின் மணல்போன்ற நுண்மை போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கட்டாயம் ரா வடிவில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் வடிவில்) எடுங்கள். நிழல்கள் நீலமாகத் தெரிவதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். நேர்வெயில் படாத பனிமேல் வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால் அந்த நீலம் அங்கே உண்மையாகவே இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) பகல்வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, மிகுந்திருந்தால் வீட்டில் சற்றுக் குறைத்தால் போதும்.

இனி வெளிச்சம். லில்லஹாமர் ஏறத்தாழ வடக்கு 61 டிகிரியில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. பகல் ஒன்பது மணி நேரம் இருக்கும். உங்கள் ஊரில் எட்டு, எட்டரை மணிக்குள் உறைபனியும் நல்ல வெளிச்சமும் ஒன்றாகவே கிளம்பிவிடும். அங்கே பக்கவாட்டு வெளிச்சம் பகல் முழுவதும் கிடைக்கும், பனியின் ஒவ்வொரு மடிப்பும் நீண்ட நிழலோடு தெரியும். அதிகாலையில் பதறி எழ வேண்டியதில்லை. மேகம் மூடிய நாளில் வெட்டவெளிக்குப் போகாதீர்கள், தரையும் வானமும் ஒன்றாகிக் கண்ணுக்கே மேடுபள்ளம் தெரியாது. அன்று காட்டுக்குள் போங்கள். ஸ்ப்ரூஸ் மரங்களின் கருத்த அடிமரங்கள் இருக்கும்போது வெயில் தேவையில்லை.

உங்கள் ஸ்கீத்தடமே உங்கள் படத்துக்குள் வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதுப்பனியில் ஒருமுறை கோடு விழுந்துவிட்டால் அடுத்த பனிப்பொழிவு வரை அழியாது. ஒரு மரமோ களஞ்சியமோ கண்ணில் பட்டதும் நேராக அதை நோக்கிப் போகாமல் நின்று, எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்து, படச்சட்டத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய்ச் சேருங்கள். மாறாக, ஒற்றை ஸ்கீத்தடம் வளைந்து மேடேறிப் போவதே சில இடங்களில் படத்துக்கு உயிர் கொடுக்கும். அங்கே உங்கள் அண்ணனை முன்னே போகச் சொல்லுங்கள்.

லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், சூடேறினால் ஓரளவு திரும்ப உழைக்கும். ஆகவே உபரிப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் வெளியிலேயே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் மைனஸ் 15-இல் கிடந்த கண்ணாடிமேல் வீட்டுக் காற்றின் ஈரம் முழுவதும் வியர்த்துவிடும். பைக்குள் இருந்தால் அந்த ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்து காய்ந்துபோகும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகே பையைத் திறக்க வேண்டும். மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் காத்திருக்காமல் படங்களைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊரிலிருந்து வருகிறவர் என்பதால் ஈரத்தின் சேட்டையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குப்பம் ரயிலடி எழுதியது:

அக்கா படமெடுப்பதைப் பற்றி எழுதிவிட்டார்; நான் ஸ்கீயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து வேலை பார்க்கிறவன் நான். விடுப்பு கிடைக்கும் குளிர்காலங்களில் உத்தரகாண்டின் ஔலியிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும் பழகியிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் கற்றுத்தருவது சரிவில் இறங்கும் ஆல்பைன் ஸ்கீயிங். தம்பி கேட்பது வேறு.

கிராஸ் கன்ட்ரியில் பூட்ஸின் முன்முனை மட்டுமே ஸ்கீயோடு பிணைந்திருக்கும், குதிகால் தூக்கும். அதனால்தான் சமதளத்திலும் ஏற்றத்திலும் நடந்துபோக முடிகிறது. அதனாலேயே இறக்கத்தில் பிடிமானமும் குறைகிறது. இதில் கிளாசிக், ஸ்கேட்டிங் என்று இரண்டு முறைகள் உண்டு. இயந்திரம் வெட்டிவைத்த இரட்டைத் தடத்தில் கால்களை முன்பின்னாக நீட்டிப் போவது கிளாசிக்; படமெடுக்கப் போகிறவருக்கு அதுவே ஏற்றது. ஸ்கேட்டிங் 1980-களில் பரவிய வேகமான முறை, அதைப் பற்றி நீங்கள் இப்போது நினைக்கவே வேண்டாம்.

கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதி வில்போல மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து நின்றால் அந்த நடுப்பகுதி பனியைத் தொடாது, முனைகள் மட்டும் வழுக்கிப்போகும். ஒரு காலில் முழு எடையையும் ஊன்றினால் நடுப்பகுதி அமுங்கிப் பனியைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடியில்தான் உந்திப் போகிறோம். வாடகைக் கடையில் ஸ்கீயைத் தரையில் வைத்து அதன்மேல் நின்று, காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். இரண்டு காலில் நிற்கும்போது காகிதம் தாராளமாக நகர வேண்டும், ஒரு காலில் நிற்கும்போது சிக்கிக்கொள்ள வேண்டும். அப்படி இல்லையென்றால் அந்த ஸ்கீ உங்கள் எடைக்குச் சரியானதல்ல, வேறு கேளுங்கள். பனியின் வெப்பநிலைக்கு ஏற்ப மெழுகு பூசுவது அங்கே பெரிய கலை. முதல்முறை போகிறவர் அதில் தலையிட வேண்டியதில்லை. நடுவில் மொஹேர் (ஆட்டுமயிர்) பட்டை ஒட்டிய ஸ்கீயைக் கேட்டு வாங்கினால், எடைபோட்டதும் அந்த மயிர்ப்பட்டையே பனியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே பயணத்தில் இரண்டும் கைகூடுமா என்று கேட்டீர்கள். கைகூடும், ஆனால் முதல் சில நாள்கள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். விழப்போவது உறுதி; கேமராவைக் காப்பாற்ற நினைத்து விழுகிறவர்தான் மணிக்கட்டையும் முழங்காலையும் கெடுத்துக்கொள்வார். பக்கவாட்டில் உட்காருவதுபோல் விழுவது, ஸ்கீகளை இணையாக்கி எழுவது, முனைகளை ஒன்று சேர்த்து வால்களை விரித்து வேகத்தைக் குறைப்பது, ஏற்றத்தில் முனைகளை விரித்து மீன்முள் வடிவில் ஏறுவது ஆகிய நான்கும் பழகிவிட்டால் பிறகு கேமராவோடு கிளம்பலாம். தோட்டத்து மலையில் ஏறி இறங்கிய கால் என்பதால் உங்களுக்கு மூச்சும் பலமும் குறையாது. பழக வேண்டியது ஒற்றைக்காலில் எடை மாற்றும் சமநிலை; அதை இன்றைக்கே வாசலில் நின்று தொடங்கலாம்.

சுமையைப் பற்றி. லில்லஹாமர் பக்கமே உங்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1206-இல் நார்வேயில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், பிர்க்கெபெய்னர் என்ற படைப்பிரிவின் வீரர்கள் குழந்தை இளவரசன் ஹோக்கோனைச் சுமந்துகொண்டு ஸ்கீயில் மலை கடந்தார்கள் என்பது வரலாறு. அதன் நினைவாக 1932-இல் தொடங்கி, இப்போது ரெனா என்ற ஊரிலிருந்து லில்லஹாமர் வரை நடக்கும் 54 கிலோமீட்டர் போட்டியில், ஒவ்வொருவரும் அந்தக் குழந்தைக்கு ஈடாக 3.5 கிலோ பையைச் சுமக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பையும், தண்ணீர், உணவு, மாற்றுடை உட்பட, அதற்குமேல் கனக்காமல் இருந்தால் நல்லது. கனமான பை முதுகில் ஆடினால் ஒவ்வோர் அடியிலும் சமநிலை குலையும். கேமராவை நெஞ்சோடு இறுக்கிய சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா இந்தக் கிராஸ் கன்ட்ரியில்தான் இந்தியாவுக்காகப் போட்டியிட்டு வருகிறார்.

செண்டுவாரைக்காரன் எழுதியது:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. 3.5 கிலோ என்றதும் என் பையை எடை போட்டுப் பார்த்தேன். டிரைபாட் மட்டுமே அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. ஆனால் சூரியன் மறைந்தபின் வரும் நீல வெளிச்சத்தில் ஜன்னல் விளக்கோடு ஒரு பண்ணைவீட்டை எடுக்க வேண்டும் என்பது என் மனத்தில் இருக்கும் படம். டிரைபாட் இல்லாமல் அது நடக்குமா?

கொழிஞ்சாம்பாறை அக்கா எழுதியது:

என்னைக் கேட்டால் விட்டுவிட்டுப் போகலாம் என்பேன். பனி, கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி எறிவதால், அந்தி நேரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வெளிச்சமாகவே இருக்கும். இரண்டு ஸ்கீக்கம்புகளையும் ஒன்றாகப் பனியில் ஊன்றி, கைப்பிடிகளின்மேல் கேமராவை அழுத்திப் பிடித்தால் நொடியில் இருபதில் ஒரு பங்கு வரை தாராளமாக எடுக்கலாம். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 இன்றைய கேமராக்களுக்குப் பாரமே அல்ல.

குப்பம் ரயிலடி எழுதியது:

இங்கே அக்காவோடு நான் வேறுபடுகிறேன். அவர் சொல்வது சூரியன் மறைந்த முதல் சிறிது நேரத்துக்குப் பொருந்தும். ஜன்னல் விளக்கும் வெளிவெளிச்சமும் சமமாக நிற்கும் நேரம் அதற்குப் பிறகே வருகிறது. அப்போது ஒரு நொடி, இரண்டு நொடி தேவைப்படும். தம்பி மனத்தில் வைத்திருக்கும் படம் அதுதான் என்றால் டிரைபாடைக் கொண்டுபோகட்டும், ஆனால் ஸ்கீயில் தூக்கிப் போக வேண்டாம். பகலில் ஸ்கீயில் போய் இடத்தைப் பார்த்துவைத்து, மாலையில் சாலை வழியாக நடந்தோ காரிலோ போய் எடுக்கலாம். அந்த மலைக்கிராமங்களில் குளிர்காலம் முழுவதும் பனியைத் தள்ளிச் சாலையைச் சுத்தமாக வைத்திருப்பார்கள்.

ஆழமான பனியில் டிரைபாடின் கால்களை முழுதாக விரித்தபிறகு அமுக்காதீர்கள். கால்கள் உள்ளே இறங்கும்போது பனி அவற்றை மேலும் விரிக்கப் பார்க்கும், மேலே உள்ள பூட்டு உடைந்துவிடும். பாதி விரித்த நிலையில் ஒவ்வொரு காலாகக் குத்தி இறக்கி, பனி இறுகியதும் கேமராவை ஏற்றுங்கள். அலுமினியத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் பிடித்துக்கொள்ளும். மேற்கால்களில் சைக்கிள் டியூபையோ பழைய கம்பளித் துணியையோ சுற்றிவிடுங்கள்.

மறையூர் கரும்புத்தோட்டம் எழுதியது:

எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுவதால், நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விவசாயி, படமெடுப்பதும் பிடிக்கும். உறைபனிக் காலத்தில் நம் பகுதிக்கு வருகிற கூட்டம் கேட்காமலே தோட்டத்துக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் இறங்குவதைத் தம்பி பார்த்திருப்பார். உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்கள் உடைந்து, வெயில் ஏறியதும் காலடி பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் கருகித் தெரியும். வெண்பனிமேல் போகும்போது கீழே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அங்கே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பியெய் என்ற ஊர் இருக்கிறது. உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் மேட்டுநிலம். குளிர்காலத்தில் அந்த மேடுகளில் தனித்து நிற்கும் மரங்களைப் படமெடுக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவற்றில் ஒன்று, சற்றுச் சாய்ந்து நின்றதால் தத்துவ மரம் என்று பெயர் பெற்ற பாப்லர். வயதாகி நலிந்திருந்த அந்த மரத்தை 2016 பிப்ரவரியில் நிலத்தின் உரிமையாளரே வெட்டிச் சாய்த்தார். படமெடுப்பவர்கள் பலமுறை சொல்லியும் கேளாமல் வயலுக்குள் இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பனிக்கடியில் உயிரோடு இருக்கிறது. தளர்ந்த பனி குளிரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது, மிதித்து இறுகிய பனியால் அது முடியாது. அந்த உழவரின் கோபம் எனக்கு முழுவதும் விளங்குகிறது. சந்தன மரத்துக்கு வேலி போட்டுக் காக்கும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு மரம் அப்படிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

நார்வேயில் சட்டமே உங்களுக்கு வழி விடுகிறது. 1957-ஆம் ஆண்டின் சட்டப்படி காடு, மலை ஆகியவற்றில் எவரும் போகலாம்; பயிர்நிலத்திலும் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரை, நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது கடந்து செல்லலாம். வீட்டு முற்றத்துக்கும் வீட்டைச் சுற்றிய இடத்துக்கும் அந்த உரிமை கிடையாது. ஆகவே தம்பி நினைத்திருக்கும் ஜன்னல் விளக்குப் படத்தைச் சாலையிலிருந்தே எடுங்கள், அல்லது பகலில் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான்.

ஸ்கீத்தடத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. இயந்திரம் வெட்டிய தடத்தில் பூட்ஸ் காலோடு நடந்தால் குழி விழும், இரவில் அது உறைந்து அடுத்த நாள் வருகிறவர் காலை வாரும். படமெடுக்க நிற்க வேண்டுமானால் தடத்தைவிட்டு முழுவதுமாக விலகி நில்லுங்கள்.

குப்பம் ரயிலடி எழுதியது:

மறையூர் ஐயா சொன்னதோடு பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். ஏரிகள் உறைந்திருந்தாலும் ஓடை நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும். உள்ளூர்த் தடம் போகாத இடத்தில் ஏரிமேல் போகாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சரிந்த மலைப்பகுதியிலும் அதன் அடிவாரத்திலும் நிற்காதீர்கள், பனிச்சரிவு அங்கேதான் வரும். நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, உரிய நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. வெளிச்சம் நன்றாக வரும் மாலையில்தான் படமெடுப்பவருக்குத் திரும்ப மனம் வராது என்பதால், திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து அண்ணனிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

செண்டுவாரைக்காரன் எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணன் அனைவருக்கும் நன்றி. டிரைபாட் வீட்டுக்கும் சாலைக்கும், ஸ்கீயில் போகும்போது கேமராவும் ஒரே லென்ஸும் என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: கையுறை போட்டுக்கொண்டு கேமராப் பொத்தான்களை எப்படி அழுத்துகிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை அக்கா எழுதியது:

உள்ளே மெல்லிய மெரினோ கம்பளிக் கையுறை, அதற்குமேல் விரல் பிரியாத தடித்த கையுறை. மேலதைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிவிட்டால், படமெடுக்கும்போது கழற்றித் தொங்கவிடலாம், காற்றில் பறந்துபோகாது. மெல்லிய கையுறையோடு பொத்தான்களை அழுத்த இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் தை மாத விடியற்காலை அதற்குப் போதும். ஸ்கீயில் போகும்போது உடம்பு சூடாகி வியர்க்கும், படமெடுக்க நின்றதும் அந்த வியர்வையே குளிரும். ஆகவே உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் போடாதீர்கள், அதுவும் கம்பளியாகவே இருக்கட்டும். நின்றவுடன் மாட்டிக்கொள்ள ஒரு தடித்த ஜாக்கெட்டைப் பையின் மேலாகவே வையுங்கள்.